கோப்பையும் முள்கரண்டியும்

என் அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லாரும் எழுந்து நடமாடி வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அதற்குப் பெயர்தான் சுகம் என்றால் சுகம்தான். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும். வாந்தி நின்றுவிட்டதா, கால் வீக்கம் வடிந்ததா, எல்லாவற்றையும் கேட்டதாக எடுத்துக்கொள். போனிலேயே கேட்கலாமே என்று நினைப்பாய். இந்த வீட்டில் இருப்பது ஒரே போன், ஆர்டர் வருவதும் அதில்தான் நீ பேசுவதும் அதில்தான், அது உன் அண்ணன் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுவான், நான் தொண்டையைச் செருமினால்கூட என்னப்பா சொல்ல வர்றீங்க என்று கேட்பான். அதனால்தான் கடிதம். அவன் எலுமிச்சை எடுக்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறான், திரும்பி வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், அவன் அனுப்பியிருக்கிற பார்சல் வந்தால் பிரிக்காமல் ஓரமாக வை. அது கப்பலில் போகிறது, ஆடி அசைந்துதான் வரும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்களாம், கடிதம் விமானத்தில் போவதால் முந்திவிடும். ஏன் என்று வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும், பாதியில் கோபப்பட்டு அண்ணனைக் கூப்பிட்டுவிடாதே.

சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்கிறாள், அத்தை வரும்போது முளைத்திருக்குமா என்று என்னைக் கேட்கிறாள். உன் அண்ணனுக்குச் சாரத்திலிருந்து விழுந்த இடுப்பு இன்னும் நேராகவில்லை. ஏணியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனோடு சேர்ந்து சுவருக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் ஆரம்பத்தில் வந்து பார்த்தார்கள், அப்புறம் வேலை இருக்கிறது என்று ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போனது பெயிண்ட் வாளிகளை மட்டும்தான். உனக்கு நினைவிருக்கும், முன்னாலேயே அவன் வேலை முடிந்த வாளிகளைக் கழுவி அடுக்கி வைத்திருப்பான், துளி காற்றுகூடப் போகாத மூடி, இதைத் தூக்கிப்போட எவனுக்கு மனசு வரும் என்பான். தெருவில் அவனுக்கு மூடிக்காரன் என்றே பெயர் வந்துவிட்டது. படுக்கையில் கிடந்த நாளில் உன் அண்ணி உப்பில் ஊறப்போட்ட எலுமிச்சையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள், அவர்கள் சொல்லி இன்னும் சிலர் வாங்கினார்கள், கடைசியில் மாணவர் விடுதிச் சமையலறையிலிருந்தே ஆள் வந்துவிட்டான். அவ்வளவு எலுமிச்சைக்கு வீட்டில் ஏது பாத்திரம். அப்போதுதான் வாளிகள் இறங்கின. அவன் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. கலர் வாளியில் எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தது அதைத் தொடக் கூடாது, வெள்ளை வாளியில் இருந்தது தண்ணீர்ப் பெயிண்ட், தண்ணீரில் வந்தது தண்ணீரிலேயே போய்விடும் என்று அவனுக்கு ஒரு கணக்கு. சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துத்தான் உப்பையே தொடவிடுவான். ஒரு வருஷம் கிடந்தாலும் பெயிண்ட்டைக் காயவிடாத மூடி எலுமிச்சையையும் கெடவிடாது என்பான். கேட்கும்போது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

வாளிகளை வைக்க வேறு இடம் இல்லாததால் என் அறைக்கு வந்தன. முதலில் கட்டிலுக்கு அடியில் வைத்தான், பிறகு சுவரோரமாக, பிறகு ஜன்னலை மறைத்து. இப்போது கதவு பாதிதான் திறக்கும், நான் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொண்டு நுழைகிறேன். படுத்தால் தலைமாட்டிலும் வாளி, கால்மாட்டிலும் வாளி. மேலே இருப்பது சரிந்தால் நேராக மார்பில்தான் விழும், அதனால் ஒருக்களித்தே படுக்கிறேன். வெயில் ஏறினால் மூடிகள் உப்பி ஒவ்வொன்றாக டப் டப் என்று சத்தம் போடும். அப்போது ஒரு வாசனை வரும். எலுமிச்சையும் உப்பும் ஒரு பக்கம், அதற்குள்ளே மெல்லிசாகப் புதுச்சுவர் வாசனை, வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைந்தால் அடிக்குமே அது. கழுவிக் காயவைத்தபோது வராத வாசனை புளிப்பு ஏறிய பிறகு எங்கிருந்து வருகிறது என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. உன் அண்ணனிடம் சொன்னேன். உங்க மூக்குல பழைய பெயிண்ட் ஒட்டியிருக்குப்பா, நான் வேலை முடிச்சு வந்து உங்க பக்கத்துல படுத்த நாள்லருந்து என்றான். சிரித்தேன். அவனும் சிரித்தான்.

நம் தெரு முனையில் இருக்கிற பாத்திரக்கடைக்காரரை உனக்குத் தெரியும், அதே ஆள்தான், இப்போது இன்னும் பருத்துவிட்டார். சாயங்காலம் அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். ஒரு நாள் பிளாஸ்டிக் டப்பாக்களைக் கவிழ்த்துக் கவிழ்த்து இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னய்யா அடியில தேடுற, காசு ஒட்டியிருக்கா என்றேன். காசு இல்ல பெரியவரே, கோப்பையும் முள்கரண்டியும் இருக்கான்னு பாக்குறேன் என்றார். காட்டினார். காலுள்ள ஒரு கோப்பை, பக்கத்தில் ஒரு முள்கரண்டி, அச்சில் வார்த்தது போலப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அது இருந்தால் சாப்பாட்டுச் சாமானுக்கு என்றே செய்தது என்று அர்த்தமாம், இல்லாதது ஆணி போட, துணி போட, பெயிண்ட் போட. சாப்பாட்டுக்கு என்று செய்யாத பிளாஸ்டிக்கில் என்ன கலந்தார்கள் என்று யாருக்குத் தெரியும், உருக்கிய பழசைக்கூடச் சேர்ப்பாங்க, ஆணிக்கு என்ன வயிறா வலிக்கப்போகுது என்றார். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு எழுத்து ஆகாது, படம் ஆகும். குடோனில் மூட்டை தூக்கின காலமெல்லாம் தராசு படம் என்றால் பருப்பு, கப்பல் படம் என்றால் சர்க்கரை, மண்டை ஓடு என்றால் அதன் பக்கத்தில் தானியத்தை அடுக்காதே, இப்படித்தான் ஓட்டினேன். எந்த மூட்டையில் எந்தப் படம் எந்த மூலையில் இருந்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கோப்பையும் அப்படியே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்டின காலி வாளிகளை மடியில் கவிழ்த்து அடியைத் தடவினேன். ஒன்றிலும் இல்லை. உன் அண்ணி விற்பனைக்கு எலுமிச்சை அடைக்கிற சின்ன பாட்டில்களைத் தடவினேன், அதிலும் இல்லை, அது ஆணிக்கடைக்குப் போகிற டப்பாவாம், மலிவாகக் கிடைத்தது என்று உன் அண்ணன் சாக்கோடு வாங்கி வந்தது. மறுநாள் காலையில் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் என் முட்டிக்கு மருந்து வாங்கும் சாக்கில் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். தாத்தா, சூடு, புளிப்பு, எண்ணெய் இந்த மூணும் பிளாஸ்டிக்ல இருக்கறத இழுத்துக்கும், ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது, தினமும் போனாத்தான் சொல்ல முடியாது, பிள்ளைத்தாச்சியும் சின்னக் குழந்தையும் கூடுதலா ஒதுங்கி இருக்கிறது நல்லது, உங்க வீட்ல யாரு உண்டாகியிருக்கா என்றாள். யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கும் இதற்கும் சம்பந்தம் வராது என்று அப்போது நினைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் உன் அண்ணனிடம் விஷயத்தை எடுத்தேன். கோபம் வரவில்லை அவனுக்கு, கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இலகுவாகத் தட்டிலிருந்த எலுமிச்சையை எடுத்து வாயில் போட்டு மென்று காட்டினான். பாருங்கப்பா, நான் தினமும் திங்கிறேன், நீங்களும் திங்கிறீங்க, யாரு செத்தா என்றான். என் தட்டிலும் ஒன்றை வைத்தான். சாப்பிட்டேன். அதன் பிறகு ஒவ்வொரு வேளையும் அவன் கையாலேயே ஒரு துண்டு வைக்கிறான், வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். ஆனால் நான் சொன்னது அவன் காதில் விழாமல் இல்லை. கொஞ்ச நாளில் ஒரு ஸ்டிக்கர் சுருளோடு வந்தான், வண்டியில் பெயர் ஒட்டுகிற கடையில் அடித்ததாம், பச்சைக் கலரில் காலுள்ள கோப்பையும் முள்கரண்டியும், நான் விரலால் மேசையில் வரைந்து காட்டினேனே அதைவிட அழகாக இருந்தது. நீங்க சொன்னது நல்லதாப் போச்சுப்பா, விடுதிக்காரரும் இதப் பத்திக் கேட்டாரு, இருக்குன்னுட்டேன் என்றான். குறி வாளியில பிறக்கும்போதே இருக்கணும்டா, அப்புறம் ஒட்டுனா அது குறியா என்றேன். பேரு மட்டும் பிறக்கும்போதா இருந்துச்சு, அப்புறம் வெச்சதுதானே என்றான். சின்ன வயசிலேயே வக்கீல் வாய் அவனுக்கு. அந்தக் குறியைப் பார்த்து விடுதிக்காரர் ஆர்டரைக் கூட்டிவிட்டார். ஆர்டர் கூடியதால் வாளி கூடியது, வாளி கூடியதால் என் அறையில் மிச்சம் இருந்த நடைபாதையும் போய்விட்டது. எதை நிறுத்தச் சொல்லி வாயைத் திறந்தேனோ அது என் வாயாலேயே வளர்ந்துவிட்டது. சும்மா உக்காந்திருக்கற உங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு என்று சுருளை என் மடியில் வைத்தான், கட்டிலில் உட்கார்ந்து வாளியிலும் பாட்டிலிலும் ஒட்டிக்கொண்டு இருந்தேன். எனக்குப் படிக்கத் தெரிந்தது படம் ஒன்றுதான், அதுவும் இப்போது பொய் சொல்கிறது. கை நடுங்குது என்னால முடியல என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். சரிப்பா விடுங்க, அவ ஒட்டட்டும் என்று உன் அண்ணியிடம் கொடுத்தான். அவள் அடுப்படி வேலை, பாட்டில் வேலை, சின்னவள் வேலை எல்லாம் முடித்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்து ஒட்டுகிறதைப் பார்க்க முடியாமல் மறுபடி நானே வாங்கிக்கொண்டேன். நான் ஒட்டாவிட்டால் அவள் ஒட்ட வேண்டும், இதில் எங்கே திரும்புவது.

அதற்கப்புறம்தான் நீ போனில் நாக்கு செத்துப்போச்சு, நம்ம வீட்டு எலுமிச்சை கிடைச்சா ஒரு தட்டு சோறு திம்பேன் என்றாய். உன் அண்ணன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். விழுந்த நாளிலிருந்து உனக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற குறை அவனுக்கு உண்டு, வெளியில் சொல்ல மாட்டான். அவனே வாளியைத் திறந்து நல்லதாகப் பொறுக்கி, அவனே பாட்டிலில் அடைத்து, மேலே சூடாக எண்ணெய் ஊற்றி, மூடியை இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்துச் சொட்டு கசியவில்லை என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினான். அவன் எடுத்த பாட்டில் நான் ஒட்டி வைத்த அடுக்கிலிருந்து எடுத்தது. நீ படித்தவள், பார்சல் வந்ததும் பாட்டிலைத் திருப்பிப் பார்ப்பாய், கோப்பைக் குறி இருக்கிறது பரவாயில்லை என்று நம்பிச் சாப்பிடுவாய். அந்தக் குறி பொய் அம்மா, அதை ஒட்டினது உன் அப்பன் கை. சாப்பிடாதே. ருசிகூடப் பார்க்காதே.

இந்த இடத்தில் உன் அண்ணி பேனாவை வைத்துவிட்டாள். அடுப்பை அணைக்கிறேன் என்று எழுந்து போனாள், அடுப்பு ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து, மாமா, இத என் கையாலயே எழுத வைக்கிறீங்களே என்றாள். எனக்கு வேற யாரு கை இருக்கு, எழுதாட்டி விடு, ஆனா ஒண்ணு கேக்குறேன், என் தட்டுலயும் உன் புருஷன் தட்டுலயும் இருக்கற எலுமிச்சை சின்னவ தட்டுல ஒரு நாளும் ஏன் இருந்ததில்ல என்றேன். ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், உன் அண்ணன் பார்த்தானோ என்னவோ. அவள் முந்தானையால் மேசையைத் துடைத்தாள், மேசை சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துக்கொண்டே சொன்னாள், ஒரு வாளிய காலி பண்ணும்போது உள்பக்கத்த நகத்தால சுரண்டிப் பாத்தேன் மாமா, மெழுகு மாதிரி வந்துச்சு, அன்னைலருந்து என் பிள்ளைக்கு வெக்க மனசு வரல, அவர்கிட்ட சொல்லவும் வாய் வரல, இத நிறுத்திட்டு மறுபடி சாரத்துல ஏறுன்னு எந்த வாயால சொல்வேன், பார்சல் கட்டும்போது கயித்தப் புடிச்சுக்கிட்டு நின்னேன் மாமா, நின்னது நான்தான் என்றாள். பிறகு அவளே பேனாவை எடுத்தாள். நானே அவளுக்கு எழுதணும்னுதான் இருந்தேன், என் பேர்ல எழுத பயமா இருந்துச்சு, உங்க பேர்ல இருக்கட்டும், சொல்லுங்க என்றாள். அதனால் உன் அண்ணி மேல் வருத்தம் வைக்காதே. இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு மூடிக்குள் இருக்கிறோம், ஒருவருக்கொருவர் தட்டுவது மட்டும் கேட்கிறது.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பிளாஸ்டிக் டப்பாவோடு சாப்பாட்டைச் சூடுபண்ணுகிற பெட்டியில் வைக்காதே, தட்டிலோ கண்ணாடிக் கிண்ணத்திலோ மாற்றிக்கொண்டு வை, கழுவ ஒரு பாத்திரம் கூடும் அவ்வளவுதானே. சூடான குழம்பை நேராக டப்பாவில் ஊற்றி மூடாதே, ஆறவிடு. கீறல் விழுந்தது, மஞ்சள் பூத்தது, வாசனை போகாதது எல்லாம் எவ்வளவு ஆசையாக வாங்கியதாக இருந்தாலும் ஹேர்பின் போட வைத்துக்கொள். கடையில் வாங்கின தண்ணீர் பாட்டிலை வெயிலில் நிற்கிற காரில் போட்டுவைத்து அதையே திரும்பத் திரும்ப நிரப்புகிற பழக்கம் மாப்பிள்ளைக்கு உண்டு, சென்ற தடவை வந்தபோது பார்த்தேன், மாமா சொன்னார் என்று சொல். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான், இதற்கெல்லாம் அடியில் ஒன்றும் தேட வேண்டியதில்லை. நான் டாக்டர் இல்லை. இதனால் இன்னது வரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஒன்றுமே வராமலும் போகலாம், உன் அண்ணன் சொல்வதே சரியாக இருக்கலாம். ஆனால் எத்தனை வருஷம் காத்திருந்து உண்டான குழந்தை, அதை வைத்து யார் சொன்னது சரி என்று பார்க்க வேண்டாம்.

உனக்கு எழுதிவிட்டேன், உனக்கு அப்பன் இருக்கிறான், எழுதுகிறான். அந்த விடுதிப் பிள்ளைகள் தினமும் தட்டை நீட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கு யார் எழுதுவது. விடுதிக்காரரிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தடவை செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். சொன்னால் என் மகன் மறுபடி ஏணியில் ஏறுவான், அந்த இடுப்போடு. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள். செருப்பைக் கழற்றிவிட்டு வாளிகளுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டேன். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், இதை உன் அண்ணியும் நானும் சேர்ந்துதான் யோசித்தோம், பாதி யோசனை அவளுடையது. பார்சல் வந்த பிறகு நீ போன் பண்ணும்போது உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ருசி எப்படி என்று கேட்பான். அண்ணா, வழியில பாட்டில் வெடிச்சு எல்லாம் கொட்டிப்போச்சு என்று சொல். அவன் முகம் விழுந்துவிடும், விழட்டும். உடனே சொல், இங்க யாரும் இத பிளாஸ்டிக்ல வாங்கமாட்டாங்க, கண்ணாடி பாட்டில்ல அடைச்சு, ஊறப்போடுறதயே பீங்கான் ஜாடியில போட்டு அனுப்பினா என் கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் கேப்பாங்க என்று சொல். நான் சொன்னால் கிழவன் மூக்கு, அவள் சொன்னால் பெண்டாட்டி பயம், நீ அங்கிருந்து சொன்னால் அது வியாபாரம். உனக்கு என்று ஒரு ஜாடியாவது வீட்டுக்குள் வரும். ஒன்று வந்தால் இன்னொன்று வருமா, வாளி போகுமா, எனக்குத் தெரியாது. கெஞ்சாமல், குற்றம் சொல்லாமல், பேச்சுவாக்கில் வந்தது போலச் சொல், கடிதம் வந்தது என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே.

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கிறது என்கிறாள் உன் அண்ணி. உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம், பிள்ளை நல்லபடியாகத் தலை திரும்பி நல்ல நேரத்தில் வந்து சேரட்டும், உன் அம்மா இருந்திருந்தால் இன்னும் நீளமாக வாழ்த்தியிருப்பாள், அவள் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள். இடது பக்கமாகவே ஒருக்களித்துப் படு. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, பார்சலைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு துண்டுகூட எடுக்காதே, பாட்டில் வெடித்துவிட்டது என்பதை மறந்துவிடாதே. போன் உன் அண்ணன் பையில், பேனா உன் அண்ணி கையில், எனக்கென்று இருப்பது கட்டைவிரல் ஒன்றுதான், ஸ்டிக்கர் பசை போகும்வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் இதில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
(இடது கை ரேகை)